எண்ணெய் படிந்த கழிமுகத்தில் இறால் தொழில்: போன வருமானத்தை எப்படிக் கணக்குக் காட்டுவது?

கேள்வி – குப்பத்துக்காரன்

வணக்கம். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பம் எங்கள் ஊர். அப்பாவுக்குச் சொந்தப் படகு கிடையாது, ஃபைபர் படகில் பங்குக்குப் போகிறவர். சித்தப்பா ஆற்றுக்குள்ளேயே வலை கட்டி இறாலும் மடவையும் பிடிப்பார். அம்மா கூடையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். நான் கம்பெனி வேலைக்குப் போகிறேன். ஆனாலும் வீட்டுக் கணக்கு இன்னும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஓடுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி முகத்துவாரம் வரை பரவியது நினைவிருக்கும். கறுத்துப்போன படகுகளையும் இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களையும் டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஆட்கள் பிளாஸ்டிக் மக்கால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றியதையும் காட்டினார்கள். அதோடு கேமராக்கள் போய்விட்டன.

நான் கேட்க வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. அது வெள்ளம் வடிந்த நேரம். ஆற்றில் இறால் நன்றாகப் படும் காலம், வருஷத்தின் கடனை அடைப்பது அந்த மாதங்களில்தான். சித்தப்பாவின் நரம்பு வலையைக் கரையில் போட்டு டீசலால் கழுவிப் பார்த்தோம். இழையில் இருந்தது போனது, முடிச்சுகளுக்குள் போனது போகவே இல்லை. மிதவைகள் தொட்டால் கையில் ஒட்டின. அந்த வலையைத் தண்ணீரில் இறக்கினால் சுற்றிலும் வானவில் மாதிரி ஒரு படலம் விரியும். பிறகு வேறு வலை கடனில் வாங்கினார். இறாலும் கொஞ்சம் கிடைத்தது. அம்மா வீட்டில் வேக வைத்து மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை. அதை யாருக்கு விற்பது?

இன்றைக்கும் தண்ணீர் வடிகிற வற்றத்தில் சேற்றுக்குள் கால் வைத்து எடுத்தால், குதிகால் பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரில் சில இடங்களில் அந்தப் படலம் தெரிகிறது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, சேற்றைத் துழாவி எடுப்பார்கள். இருளர் குடும்பங்கள் நிறைய, அதில் பெண்களும் உண்டு. கழுத்து வரைக்கும் அவர்கள் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறார்கள்.

அரசு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும் படகுகளுக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. எங்களுக்குக் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் அப்பாவின் பங்கு எங்கே? அம்மாவின் கூடை எங்கே? கடலில் நன்றாகப் பிடித்த மீனையே அம்மாவால் விற்க முடியவில்லை. "எண்ணூர் மீனா? வேண்டாம்மா" என்று கதவைச் சாத்தினார்கள். அந்த நஷ்டத்துக்கு ரசீது ஏது?

சேறு சரியாக எவ்வளவு காலம் ஆகும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இனிமேலும் இழப்பீடு கேட்க வழி இருக்கிறதா, கேட்டால் எதைக் கொண்டு நிரூபிப்பது என்பதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டும்.

பதில் – உவர்நீர்

நான் மீன்வளம் படித்தவன், கழிமுகங்களில் சேறும் தண்ணீரும் மாதிரி எடுக்கிற வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

எண்ணெய் என்று ஒரே பொருள் கிடையாது. அதில் லேசான பகுதிகள் இருக்கின்றன: பென்சீன், டொலுவீன் போன்றவை. முதல் சில நாட்கள் மூக்கைத் துளைத்து, தலைவலியும் வாந்தியும் வரவைத்துவிட்டுக் காற்றில் போய்விடும். மக்கால் எண்ணெய் மொண்டவர்கள் சுவாசித்தது அதைத்தான். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் யாரையும் அந்த வேலைக்கு இறக்கியிருக்கக் கூடாது. கனமான பகுதி அப்படிப் போகாது. மண் துகளோடு ஒட்டிக் கீழே இறங்கும். கடலோர மணலில் அலை அடித்துப் புரட்டுவதால் காற்றுப் பட்டு, எண்ணெய் தின்னும் பாக்டீரியா வேலை செய்யும். கழிமுகச் சேற்றில் விரல்கடை ஆழத்துக்குக் கீழே ஆக்ஸிஜனே இல்லை, அங்கே போய் உட்கார்ந்த எண்ணெய் சிதைவது மிக மெதுவாகத்தான். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெயை, இருபது வருஷம் கழித்தும் கரையைத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். அது குளிர்ப் பிரதேசம். நம் வெயிலில் வேகம் கூடுதல்தான். ஆனால் வெயில் சேற்றின் மேல்தோலோடு நின்றுவிடும்.

இறால் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு கடல் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, அலையாத்திக் காட்டின் வேர் இடுக்குகளிலும் சேற்றிலும் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். ஆகவே கழிமுகம் கெட்டால் ஆற்றுத் தொழிலோடு நிற்காது, வெளியே கடலில் இறால் பிடிக்கிறவர்களுக்கும் அடுத்தடுத்த பருவங்களில் குறையும். அலையாத்தியின் மூச்சு வேர்களில் எண்ணெய் பூசினால் துளைகள் அடைபட்டு மரம் மெல்லப் பட்டுப்போகும், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் தெரியும். மீன் குஞ்சுகளுக்கு இன்னொரு கேடு. எண்ணெயில் உள்ள சில வேதிப்பொருட்கள் மிகக் குறைந்த அளவிலேயே கருவின் இதய வளர்ச்சியைக் கெடுக்கின்றன. அலாஸ்கா விபத்துக்குப் பிறகும், 2010இல் மெக்ஸிகோ வளைகுடாவில் நடந்த டீப்வாட்டர் ஹொரைசன் விபத்துக்குப் பிறகும் செய்த ஆய்வுகளில் இது உறுதியானது. செத்து மிதக்கிற மீனை எண்ணலாம். பெரிதாகாமல் போன குஞ்சை யார் எண்ணுவது?

வாடை பற்றி: துடுப்புள்ள மீன்கள் சுத்தமான தண்ணீருக்கு வந்தால் ஈரல் வழியாக இந்த நஞ்சை ஓரளவு வெளியேற்றிவிடும். மட்டி, ஆளி வகைகளால் அது அவ்வளவாக முடியாது, உடம்பிலேயே நெடுநாள் தேங்கும். எனவே மட்டி பொறுக்குகிறவர்கள்தான் கடைசியாகத் தொழிலுக்குத் திரும்ப வேண்டும். வாடை அடிக்கிற இறாலை விற்கவும் வேண்டாம், நீங்கள் சாப்பிடவும் வேண்டாம்.

நீங்கள் பார்க்கிற படலம் எண்ணெய்தானா என்று இடத்திலேயே சோதிக்கலாம். சேற்று நிலத்தில் இரும்புச்சத்து தின்னும் பாக்டீரியாவும் வானவில் படலம் உண்டாக்கும். ஒரு குச்சியால் படலத்தைக் கீறுங்கள். உடைந்து சில்லுச் சில்லாகப் பிரிந்து நின்றால் அது பாக்டீரியா. கீறிய இடத்தை மூடிக்கொண்டு மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். இரண்டாவது மாதிரி இருக்கிற இடங்களைக் கைப்பேசியில் வீடியோ எடுங்கள், இருப்பிடமும் தேதியும் பதிவாகட்டும்.

பதில் – ஏரிக்கரை

பழவேற்காட்டில் இருந்து எழுதுகிறேன். தம்பி, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணூர் ஆற்றில் மீன்பாடு குறைந்தது எண்ணெய் வந்த பிறகு அல்ல. அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றைத் தூர்த்துவிட்டது, சுடுதண்ணீர் வருகிறது, இப்போது காக்கா ஆழி என்கிற அயல்நாட்டுச் சிப்பி வேறு பாய் விரித்த மாதிரி படிந்து மட்டியை அழிக்கிறது. நாளைக்கு நீங்கள் போய் எண்ணெயால் நஷ்டம் என்றால் எதிர்த் தரப்பு இதைத்தான் முதலில் சொல்லும். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் – உவர்நீர்

ஏரிக்கரை அண்ணன் சொல்வது சரி, அதற்குப் பதிலும் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேதியியல் கைரேகை உண்டு. சிதையாமல் நிற்கிற சில மூலக்கூறுகளின் விகிதத்தைப் பார்த்து, சேற்றில் இருப்பது எந்த இடத்து எண்ணெயோடு பொருந்துகிறது என்று ஆய்வகத்தில் சொல்ல முடியும். மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. எடுத்தவர், பார்த்தவர், இடம், நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஏற்கெனவே நொந்துபோன ஆறு என்பது எண்ணெய் கொட்டியவரின் பொறுப்பைக் குறைக்காது. அப்படிப்பட்ட ஆற்றுக்கு அடி இன்னும் பலமாக விழும்.

பதில் – நாகூர் அக்கா

தம்பி, "அந்த நஷ்டத்துக்கு ரசீது ஏது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் கடலுக்குள் போகிற குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கசிந்தது. நான் அந்தப் பக்கத்துக்காரி. மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன், என் மாமியார் மீன் விற்பவர். கசிவை அடைத்தாகிவிட்டது என்று சொன்ன பிறகும் சந்தையில் எங்கள் மீனைத் தொட ஆள் இல்லை. வியாபாரி வருவார், ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்து முகர்ந்து பார்ப்பார், கீழே போடுவார். வாடையே இல்லாத மீனுக்கும் பாதி விலைதான் கேட்பார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை, அவருக்கும் அதை விற்றாக வேண்டும். ஐஸ் போட்டு வைத்த மீன் மறுநாள் கருவாட்டுக்குப் போகும். கருவாட்டையும் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள்.

பட்டியல் எடுக்க வருகிறவர்கள் படகு எண்ணைக் கேட்பார்கள், சங்க உறுப்பினர் அட்டையைக் கேட்பார்கள். இரண்டும் ஆண்கள் பெயரில் இருக்கும். ஏலத்தில் எடுக்கிற பெண், தலைச்சுமையாக விற்கிற பெண், மீன் கழுவி வெட்டிக் கொடுக்கிற பெண், கருவாடு காய வைக்கிற கிழவி – இவர்கள் யாருக்கும் படகு எண் இல்லை. பாதிப்பு என்றால் படகும் வலையும் என்றே எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. கரைக்கு வந்த மீனைக் காசாக்குவது பெண்கள்தானே? அந்தக் காசு வரவில்லை என்றால் பாதிக்கப்படவில்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

சரி, ரசீது விஷயத்துக்கு வருகிறேன். ரசீது இருக்கிறது தம்பி, நாம் அதை ரசீது என்று நினைப்பதில்லை. அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் வந்த வாரம் முதல் குப்பத்தில் எத்தனை வீட்டுக் கம்மலும் செயினும் கடைக்குப் போனது என்று அந்தச் சீட்டுகளின் தேதி சொல்லும். மகளிர் குழுக் கடன் பாஸ்புக்கில் எந்த மாதம் தவணை நின்றது என்று வங்கி முத்திரையோடு இருக்கும். ஐஸ் கடைக்காரர், ஏலம் விடுகிறவர், மொத்த வியாபாரி எல்லோரிடமும் கணக்கு நோட்டு உண்டு. அம்மா யாரிடம் மீன் எடுப்பாரோ அவரிடம் போய், அந்த மாதங்களின் பக்கங்களையும் அதற்கு முந்தைய வருஷம் அதே மாதங்களின் பக்கங்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மாதத்தையும் கெட்ட மாதத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். பங்குக்குப் போகிற அப்பாவுக்கும் இதே வழிதான். படகுக்காரரின் பங்குக் கணக்கில் அவர் பெயர் இருக்கும்.

கெட்டுப்போன வலையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எரித்தால் இடம் சுத்தமாகும், சாட்சியும் போய்விடும். ஒரு துண்டையாவது வெட்டிக் கண்ணாடி ஜாடியில் மூடி வையுங்கள்.

கையால் தடவுகிற குடும்பங்களிடம் நீங்களே போய் எழுதுங்கள். அவர்களிடம் பாஸ்புக்கோ சங்க அட்டையோ இல்லாமல் இருக்கலாம். யார், எந்த இடத்தில், எந்த வற்றத்தில் இறங்குவார்கள், பறி நிறைந்தால் யாரிடம் கொடுப்பார்கள் என்று அவர்கள் வாயால் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். வாங்குகிறவரிடம் ஒரு வாக்குமூலம் வாங்குங்கள். உடம்பில் அரிப்பு, புண் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, சீட்டில் தொழிலையும் எழுதச் சொல்லுங்கள். படகு வைத்திருப்பவர்கள் முன்னால் நின்று பேசும்போது இவர்கள் பின்னால் நின்றுவிடுவார்கள். எங்கள் பக்கம் நான் பார்த்து நொந்தது இதைத்தான்.

பதில் – சட்டம் படித்தவன்

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு உதவி செய்கிறேன். காலக்கெடுவை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் பலருக்குத் தெரியாமல் போகிறது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, பிரிவு 15இன்படி மாசால் பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடும் நிவாரணமும் கேட்டு நேரடியாக மனு போடலாம். காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் போட வேண்டும். 2023 டிசம்பரில் நடந்ததற்கு 2028 டிசம்பர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அதை நம்பி இருக்க வேண்டாம். தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. பிரிவு 17 உங்களுக்கு மிகவும் பயன்படும்: அதன்படி, விபத்தில் அலட்சியம் இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வெள்ளம் வந்தது, நாங்கள் என்ன செய்வது என்று சொல்லி எளிதில் நழுவ முடியாது. இழப்பீட்டு மனுவுக்குக் கேட்கிற தொகையில் 1 சதவீதம் கட்டணம் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது கிடையாது.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. அதுபோலக் கப்பலிலிருந்து கொட்டினால் கப்பல் உரிமையாளர், அவருடைய காப்பீடு என்று வழக்கு வேறு திசையில் போகும். எண்ணெய் ஏற்றிச் செல்லும் டாங்கர் என்றால் 1992ஆம் வருஷத்துச் சர்வதேச இழப்பீட்டு நிதியிலும் கேட்க இடமிருக்கிறது, இந்தியா அதில் உறுப்பு நாடு. அங்கே காலக்கெடு சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து 3 வருஷம். கணக்கு வழக்கு வைத்துக்கொள்ள முடியாத சிறு மீனவர்கள் என்ன ஆதாரம் காட்டலாம் என்று அந்த நிதியே தனி வழிகாட்டி வைத்திருக்கிறது. வழக்கு எதுவானாலும் அதைப் படித்துவிட்டு ஆதாரம் திரட்டத் தொடங்குவது நல்லது. உங்களுடையது கரையிலிருந்து வந்த எண்ணெய் என்பதால் தீர்ப்பாயம்தான் வழி.

ஒருவர் பெயரில் மட்டும் போகாதீர்கள். நைஜீரியாவின் போடோ கிராமத்தில் 2008இலும் 2009இலும் ஷெல் நிறுவனக் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து சதுப்பு நிலத்தையே மூடியது. 2015இல் அந்த நிறுவனம் 5.5 கோடி பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் 3.5 கோடி பவுண்டு 15,600 பேருக்குத் தனித்தனியாகவும், மீதி ஊருக்குப் பொதுவாகவும் பிரிந்தது. ஒவ்வொரு ஆளாகப் பெயர் எழுதியதால்தான் அது முடிந்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அலாஸ்கா வழக்கில் ஜூரி 1994இல் 500 கோடி டாலர் தண்டத் தொகை விதித்தது. மேல்முறையீடுகளில் இழுத்துக்கொண்டே போய், 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 50 கோடி டாலராகக் குறைத்தது. அதற்குள் வழக்குப் போட்ட எத்தனையோ பேர் இறந்துவிட்டார்கள். பணம் வரும் வரை வீட்டை எப்படி நடத்துவது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

நிவாரணம் வாங்கியதால் இழப்பீடு கேட்கும் உரிமை போகாது. அரசு அறிவித்தது உடனடி உதவி. போன வருமானத்துக்கு ஈடு என்று யாராவது தாளில் கையெழுத்துக் கேட்டால், வழக்கறிஞரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

குப்பத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. குச்சிச் சோதனையை நேற்று வற்றத்தில் செய்து பார்த்தேன். அலையாத்தி ஓரத்தில் இரண்டு இடத்தில் படலம் கீறியதும் மூடிக்கொண்டது, வீடியோ எடுத்துவிட்டேன். நடு ஆற்று மேட்டில் சில்லாக உடைந்தது, அதாவது அங்கே எண்ணெய் இல்லை. அதையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா, அம்மாவிடம் அடகுச் சீட்டைக் கேட்டதும் முதலில் கோபப்பட்டார். ஊருக்கெல்லாம் காட்டுவாயா என்றார். அது எங்கள் வீட்டில் மட்டும் இருக்கிற சங்கடம் இல்லை என்று தெரிகிறது. மற்றப் பெண்களிடம் எப்படிக் கேட்பது?

நாகூர் அக்கா

நீங்கள் கேட்காதீர்கள், அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் குழுக் கூட்டத்தில் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் இந்தப் பேச்சை எடுத்தோம். சீட்டில் தேதி, தொகை, கடை முத்திரை தெரிந்தால் போதும், என்ன நகை என்பதைத் தாளால் மறைத்து நகல் எடுக்கலாம். மூலச் சீட்டு அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். முதலில் உங்கள் அம்மா தன் சீட்டை எடுத்து வைத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள். விலாசம் இல்லாமல், குப்பத்தின் பெயரை மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நாங்கள் பயன்படுத்திய படிவத்தை அனுப்புகிறேன். அதில் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று எழுத விடாதீர்கள், "மீன் விற்பனை" என்று எழுதச் சொல்லுங்கள்.